தீர்ப்பு இருக்கட்டும், பெயர்த் தேடலில் வர வேண்டாம்

குற்ற வழக்கொன்றில் விடுதலையான ஒருவர், தீர்ப்பிலிருந்து தன் பெயரை நீக்கக் கோரிச் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினார். 2021 ஆகஸ்டில் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு, பெயரை மறைக்கவும், தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடும் 'இந்தியன் கானூன்' தளம் அந்தத் தீர்ப்பை அகற்றவும் உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் இதற்குத் தடை விதித்தது. தீர்ப்பு பொது ஆவணம். அதை அழிப்பது தவறு என்ற கவலை நியாயமானதே. ஆனால் விடுதலையானவரின் வாழ்க்கையைக் கெடுப்பது தீர்ப்பு அல்ல, அவர் பெயரை இட்டவுடன் அதை முதல் வரிசையில் நீட்டும் தேடுபொறி. கை வைக்க வேண்டிய இடம் அதுதான்.

முன்பெல்லாம் ஒரு தீர்ப்பைப் பார்க்க வழக்கு எண் தெரிய வேண்டும், நீதிமன்றத்தில் மனுப் போட்டு நகல் வாங்க வேண்டும். இன்று வேலை கொடுப்பவரும் வீடு வாடகைக்கு விடுபவரும் பெண் கொடுக்க வருபவரும் பெயரைத் தட்டினால் போதும். தீர்ப்பின் முதல் பக்கங்களில் அரசுத் தரப்பின் குற்றச்சாட்டு விரிவாக இருக்கும். விடுதலை என்ற சொல் கடைசியில்தான் வரும். அதுவரை பொறுமையாகப் படிப்பவர் எத்தனை பேர்? ஸ்பெயினில் ஒருவரின் சொத்து, சமூகப் பாதுகாப்பு நிலுவைக்காக ஏலத்துக்கு வந்த அறிவிப்பு 1998இல் 'லா வான்கார்டியா' நாளிதழில் வெளியானது. நிலுவை தீர்ந்து பல ஆண்டுகள் கழித்தும் கூகுளில் அவர் பெயருக்கு அதுவே வந்து நின்றது. நாளிதழ் மீதான புகாரை அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் தள்ளுபடி செய்தது. கூகுள் மீதான புகாரிலோ, பெயரைத் தேடும்போது வரும் முடிவுகளிலிருந்து அத்தகைய இணைப்புகளை எடுக்கத் தேடுபொறி கடமைப்பட்டது என்று 2014 மே 13 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் சொன்னது. நாளிதழின் பக்கம் அப்படியே இருக்கிறது. வேறு சொற்களால் தேடினால் கிடைக்கும். இந்த ஏற்பாட்டில் வழக்கறிஞரோ ஆய்வாளரோ எதையும் இழப்பதில்லை.

அரசியல்வாதிகளும் பணக்காரர்களும் தங்கள் கறைகளை மறைக்க இது வழிவிடும் என்பார்கள். வலுவான மறுப்புதான். ஆனால் பொதுவாழ்வில் இருப்பவரைப் பற்றி மக்கள் அறிய வேண்டியது இருந்தால் இணைப்பை எடுக்க வேண்டியதில்லை என்று அதே ஐரோப்பியத் தீர்ப்பு விதிவிலக்கு வைத்திருக்கிறது. நாம் இன்னும் குறுக்கலாம்: மேல்முறையீடுகளும் முடிந்து விடுதலையான தனிமனிதருக்கு மட்டும், அதுவும் நீதிமன்றத்தின் ஆணையோடு. கூகுள் ஊழியர் முடிவு செய்ய வேண்டாம். விடுதலை செய்யும் நீதிபதியே தீர்ப்போடு சேர்த்து எழுதட்டும். மறப்பது நம் சட்டத்துக்குப் புதிதும் அல்ல. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், குற்றம் நிரூபணமான சிறாரின் ஆவணத்தைக்கூட உரிய காலத்துக்குப் பின் அழிக்கச் சொல்கிறது. தவறு செய்த பிள்ளைக்குக் கிடைப்பது, தவறே நிரூபணமாகாத பெரியவருக்கு ஏன் கூடாது?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, நாம் சம்மதித்துக் கொடுத்த தரவை நீக்கக் கேட்கும் உரிமையைத்தான் தருகிறது. சம்மதமே இல்லாமல் நீதிமன்ற ஆவணத்தில் ஏறிய பெயருக்கு அதில் வழியில்லை. அந்தச் சட்டத்தில் இதற்கென ஒரு பிரிவை நாடாளுமன்றம் சேர்க்க வேண்டும்.