ஒரே மாடல், வேறு ரவுட்டர்!

மாடி வீட்டில் இருப்பவர்களுக்கு வை-பை ஒரு தீராத தலைவலி. கீழே ஹாலில் இருக்கும் ரவுட்டரின் சிக்னல் இரண்டு சுவர்களையும் ஒரு கான்கிரீட் தளத்தையும் தாண்டி மேல் அறைக்குப் போவதற்குள் பாதி செத்துவிடுகிறது. இதற்குக் கடைக்காரர்கள் சொல்லும் மருந்து மெஷ். இரண்டு மூன்று ரவுட்டர்கள் ஒயர் இல்லாமல் தங்களுக்குள் பேசிக்கொண்டு, வீடு முழுவதும் ஒரே பெயரில் ஒரே நெட்வொர்க்காக இயங்கும் ஏற்பாடு இது. நல்ல மருந்துதான். ஆனால், வீட்டில் ஏற்கெனவே இருக்கும் ரவுட்டருடன் அதே மாடலில் இன்னொன்றை வாங்கிச் சேர்த்தால் மெஷ் வந்துவிடும் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள்.

உங்கள் ரவுட்டரைக் கவிழ்த்துப் பாருங்கள். சீரியல் எண், பாஸ்வேர்ட் எல்லாம் அச்சிட்ட ஸ்டிக்கரில் ஒரு மூலையில் "வெர்" என்று போட்டு ஒரு எண் இருக்கும். சில கம்பெனிகள் ஏ1, பி1 என்று எழுத்தோடு கொடுப்பார்கள். இதுதான் ஹார்ட்வேர் பதிப்பு எண். மாடல் பெயர் மாறாமல் இந்த எண் மட்டும் மாறினால், உள்ளே சிப், மெமரி, சில நேரங்களில் ஆப்பரேட்டிங் சிஸ்டம் வரை மாறியிருக்கலாம். இவ்வளவு முக்கியமான எண்ணை எறும்பு அளவு எழுத்தில் அடியில் ஒட்டுவது வாங்குபவருக்குச் செய்யும் அநியாயம் என்பது என் கருத்து.

அசூஸ் நிறுவனத்தின் ஆர்டி-ஏசி66யு ரவுட்டரை எடுத்துக்கொள்வோம். 2012ல் வந்த முதல் பதிப்பில் இருந்தது 600 மெகா ஹெர்ட்ஸ் வேகமுள்ள மிப்ஸ் வகை பிராசசர். பின்னர் வந்த பி1 பதிப்பிலோ 1 கிகா ஹெர்ட்ஸ் வேகத்தில் இரண்டு கோர்கள் கொண்ட ஆர்ம் பிராசசர். 2018ல் அசூஸ் தன் ஏஐமெஷ் வசதியைப் பழைய ரவுட்டர்களுக்கும் பர்ம்வேர் அப்டேட் மூலம் தந்தபோது, பி1 பதிப்புக்குக் கிடைத்தது. முதல் பதிப்புக்குக் கிடைக்கவில்லை. பெயரில் உள்ள வித்தியாசம் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும்தான். பழைய ரவுட்டர்களை விற்பவர்கள் பலர் இந்த வாலைக் குறிப்பிடுவதே இல்லை.

சரி, புதிய பதிப்பாகப் பார்த்து வாங்கினால் போதுமா? அதுவும் போதாது. நம் நாட்டில் ஏராளமான வீடுகளில் இருக்கும் டிபி-லிங்க் டபிள்யூஆர்841என் மாடலே சாட்சி. இதில் கம்பெனி தரும் மெஷ் வசதி கிடையாது. ஆனால் லினக்ஸ் அடிப்படையிலான இலவச பர்ம்வேரான ஓபன் டபிள்யூஆர்டியைப் பதிந்தால், மெஷ் வசதியைச் சேர்த்துக்கொள்ளலாம். ஜெர்மனியில் ப்ரைபுங்க் என்ற தன்னார்வலர் அமைப்பினர் ஊர் ஊராக அமைத்த இலவச மெஷ் நெட்வொர்க்குகளில் இந்த மலிவு ரவுட்டர் வெகு பிரபலம். இதன் 12ஆம் பதிப்பில் பிளாஷ் மெமரி 4 எம்பி, ராம் 32 எம்பி. 13ஆம் பதிப்பில் இரண்டும் இரு மடங்காகி, 8 எம்பி, 64 எம்பி என்று ஆயின. 14ஆம் பதிப்பில்? மறுபடியும் 4 எம்பி, 32 எம்பி!

இதன் விளைவு 2021ல் தெரிந்தது. அந்த ஆண்டு வெளியான ஓபன் டபிள்யூஆர்டி 21.02 பதிப்புக்குக் குறைந்தபட்சத் தேவை 8 எம்பி பிளாஷ், 64 எம்பி ராம் என்று நிர்ணயித்தார்கள். 13 அந்தக் கோட்டைத் தொட்டுக்கொண்டு தப்பித்தது. அதற்குப் பின்னால் வந்த 14 வெளியே நின்றது. மெஷ்ஷுக்குத் தனி புரோகிராம்கள் வேண்டும், எந்தத் தகவல் எந்த ரவுட்டர் வழியாகப் போகவேண்டும் என்ற கணக்கையும் நினைவில் வைத்திருக்கவேண்டும். 4 எம்பிக்குள் இத்தனையையும் திணிப்பது கைக்குட்டையில் மெத்தையை மடித்து வைப்பது போலத்தான்.

இந்தப் பழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. 2002 கடைசியில் வந்த லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி, லினக்ஸில் இயங்கியதால் ஆர்வலர்களின் செல்லப்பிள்ளை ஆனது. பெர்லின் நகரத்தில் ப்ரைபுங்க் ஆட்கள் இதில் தங்கள் சொந்த பர்ம்வேரைப் பதிந்துதான் மெஷ் அமைத்தார்கள். 2005ல் வந்த 5ஆம் பதிப்பில் பிளாஷ் மெமரி 4 எம்பியிலிருந்து 2 எம்பியாகவும், ராம் 16 எம்பியிலிருந்து 8 எம்பியாகவும் பாதியாகக் குறைந்தன. லினக்ஸ் போய் விஎக்ஸ்வொர்க்ஸ் வந்தது. மாடல் பெயர் மட்டும் மாறவில்லை. பிறகு லினக்ஸ் வேண்டுபவர்களுக்காக டபிள்யூஆர்டி54ஜிஎல் என்று தனிப் பெயரில் பழைய அமைப்பையே விற்றார்கள். ஆக, தனிப் பெயர் கொடுப்பது முடியாத காரியம் ஒன்றும் இல்லை, பாருங்கள்.

கம்பெனிகள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஒரு சிப்பின் தயாரிப்பு நின்றுவிட்டால் வேறு சிப்பைப் பயன்படுத்தித்தான் ஆகவேண்டும். விலையையும் கட்டுக்குள் வைக்கவேண்டும். மாற்றட்டும், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. முதல் பதிப்பைப் பார்த்து எழுதப்பட்ட விமர்சனங்களையும், வாங்கியவர்கள் கொடுத்த நட்சத்திரங்களையும் காட்டி மூன்றாம் பதிப்பை விற்பதுதான் தவறு. சாப்ட்வேர் எழுதும் நாங்கள் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தினால்கூட 2.3.1ஐ 2.3.2 ஆக்கி, என்ன மாற்றினோம் என்று குறிப்பும் எழுதுகிறோம். பிராசசரையே மாற்றிவிட்டு, "முன்னறிவிப்பின்றி மாற்றத்துக்கு உட்பட்டது" என்று ஒரு வரியில் முடித்துக்கொள்வது என்ன நியாயம்? பதிப்பு எண் பெட்டியின் முன்பக்கத்தில், மாடல் பெயரின் அளவிலேயே இருக்கவேண்டும். ஆன்லைன் கடைகளில் விலைக்குப் பக்கத்திலேயே போடவேண்டும்.

அது நடக்கும் வரை நம் வேலையை நாம்தான் பார்த்துக்கொள்ளவேண்டும். வாங்குவதற்கு முன் கம்பெனியின் இணையதளத்தில் மெஷ் வசதி எந்தெந்தப் பதிப்புகளுக்கு உண்டு என்று பாருங்கள். பழைய ரவுட்டர் என்றால், விற்பவரிடம் அடிப்பக்க ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் விட்டுவிடுங்கள். வை-பை அலையன்ஸ் 2018ல் கொண்டுவந்த ஈசிமெஷ் தரம், வெவ்வேறு கம்பெனி ரவுட்டர்களும் சேர்ந்து இயங்கவேண்டும் என்பதற்காக வந்ததுதான். ஆனாலும், உங்கள் பதிப்புக்கு அது உண்டா என்ற கேள்வியிலிருந்து தப்ப முடியாது. முக்கியமாக, ஒரு பதிப்புக்கான பர்ம்வேரை இன்னொன்றில் பதியவே பதியாதீர்கள். ரவுட்டர் செங்கல்லாகிவிடும்.

ஏற்கெனவே இரண்டு வாங்கி, மெஷ் வராமல் விழிப்பவர்கள் இரண்டாவதைத் தூக்கிப் போடவேண்டாம். அதன் ஐபி முகவரியை, முதல் ரவுட்டரின் வரிசையிலேயே, வேறு எதற்கும் தராத ஓர் எண்ணாக மாற்றுங்கள். பிறகு டிஎச்சிபியை நிறுத்துங்கள். அதே வை-பை பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுங்கள். கீழேயிருந்து ஒரு நெட்வொர்க் கேபிளை மேலே இழுத்து, இரண்டு ரவுட்டர்களின் லேன் போர்ட்டுகளையும் இணையுங்கள். ஒரு மாடியிலிருந்து இன்னொன்றுக்கு நடக்கும்போது போன் சில நொடி தடுமாறலாம். ஆனால் கேபிள் வழியாகப் போவதால் வேகம் பெரும்பாலும் ஒயர்லெஸ் மெஷ்ஷைவிட நன்றாகவே இருக்கும். இதற்கு எந்தப் பதிப்பாக இருந்தாலும் சரி.