வைரமும் பழம்பட்டையும்

மண்ணினின்று எடுக்கும் வைரம் மங்கிய கல்லேயாம். அதற்குச் சுடரளிப்பது பட்டை தீட்டுவோன் கைத்திறனேயன்றோ? அத்திறனின் பழஞ்சான்றுகளை இக்காலத்தார் அழித்து வருதல் தகாதென்பதே யாம் ஈண்டுக் கூறப் புகுவது.

18, 19-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய நகைகளில் பெருக வழங்கிய பட்டைமுறையொன்றை ‘ஓல்டு மைன் கட்’ என்பர். தென்னாப்பிரிக்காவில் 1867-இல் வைரம் வெளிப்பட்டபின், முன்னரே வைரம் தந்த இந்திய, பிரேசில் சுரங்கங்கள் பழையன எனப்பட்டன. அவற்றால் வந்த பெயர் இது. மூலை மழுங்கிய சதுர வடிவும், உயர்ந்த மேற்பாகமும், சிறிய மேல்முகமும், கூராக்காது தட்டையாக விட்ட அடிமுனையும் இதன் இலக்கணமாம். இன்றைய வட்ட வைரத்தைப் போலவே இதற்கும் பெரும்பாலும் 58 பட்டைகள் உண்டு. ஆயினும் கண்ணளவையே துணையாகக் கொண்டு, கல்லின் எடை மிகக் குறையாதவாறு கையால் தீட்டியமையின், ஒரு கல்லைப் போல் மற்றொரு கல் இராது. மெழுகுவர்த்தி யொளியில் அகன்ற வண்ணச் சுடர்களை மெல்ல வீசுவதே அதன் தனியழகு.

1919-இல் மார்செல் டோல்கோவ்ஸ்கி என்பார் ஒளியை மிகுதியும் திருப்பும் அளவுகளைக் கணித முறையால் வகுத்தனர். புதுப்பட்டையே மிகுந்து ஒளிரும். இதனை யாம் மறுக்கிலேம். ஆயினும் அதுபற்றிப் பழங்கற்களை மீண்டும் அறுத்துத் தீட்டுதல் முறையாகுமோ?

கோகினூரின் வரலாறு இதற்குத் தக்க பாடமாம். அது ஓல்டு மைன் முறையினதன்று; இந்திய முறையில் பட்டையிட்ட கல். 1851-இல் லண்டன் பெருங்கண்காட்சியில் அதனைக் கண்டோர் ஒளி போதாதென ஏமாற்றமுற்றனர். மறு ஆண்டே அதனைப் புதிதாகத் தீட்டினர். ஏறத்தாழ 190 காரட் இருந்த கல் 105.6 காரட்டாகச் சுருங்கிற்று. ஒளி பெருகியது மெய்யே. ஆனால் மகாராஜா ரஞ்சித் சிங் புயத்தில் அணிந்த அவ்வடிவத்தை இனி எவரும் காண்டற்கில்லை.

பழமையெல்லாம் போற்றத்தக்கதென்பது எம் கருத்தன்று. இழந்தபின் மீட்கவியலாத தொன்றை அழிக்குமுன் ஆராய்தல் வேண்டுமென்பதே எம் கருத்து. பழநகையின் பொற்கூடும் அக்கல்லின் அளவுக்கென்றே அமைந்தது. கல் சிறுத்தால் கூடும் பொருந்தாது போம். அறுத்த வைரம் மீண்டும் வளர்வதுமில்லை. ஆதலின் முன்னோர் நகை கைவரப் பெற்றோர், அதனைப் பட்டறைக்கு விடுக்குமுன், மின்விளக்கை அணைத்து ஒரு சிறு சுடரின்முன் வைத்து நோக்குவாராக. அதன் பின்னர் முடிவு செய்க.