ஏரியை அனுபவிப்பது யார்?

மதுராந்தகம் பக்கத்து ஆட்களுக்கு ஏரி காத்த ராமர் கதையைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1790-களில் செங்கல்பட்டுப் பகுதிக்குக் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ், அடைமழையில் கரை உடைந்துவிடுமோ என்று பயந்து ராத்திரியில் பார்க்கப் போனாராம். வில்லும் அம்புமாக இரண்டு பேர் கரைமேல் காவல் நின்றார்களாம். கரை தப்பியது. அந்த நன்றிக்குத் தாயார் சந்நிதியைக் கட்டிக் கொடுத்தார் என்பது கோயில் கதை. என் பாட்டியும் இந்தக் கதையைச் சொல்வார். ஆனால் முடிக்கும்போது ஒரு வரி சேர்த்துக்கொள்வார்: "அன்னிக்கு ஒரு நாள் ராமர் நின்னாரு, சரி. மத்த நாளெல்லாம் உங்க தாத்தாதானேடா நின்னாரு?"

தாத்தா எங்கள் ஊர் ஏரிக்கு நீர்கட்டி.

இப்போது ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஏரிக்கரையில் இளைஞர்கள் கூட்டம். கையுறை, மண்வெட்டி, பனியன் முதுகில் குழுவின் பெயர். வேலிக்காத்தானை வெட்டுகிறார்கள், ஆகாயத்தாமரையை இழுத்துப் போடுகிறார்கள், மதுப்பாட்டிலையும் பிளாஸ்டிக்கையும் சாக்கில் அள்ளுகிறார்கள், கரையில் பனங்கொட்டை நடுகிறார்கள். இதைக் குறை சொல்கிறவன் நான் இல்லை. தமிழ்நாட்டில் சுமார் 39 ஆயிரம் ஏரி, கண்மாய்கள் இருப்பதாக அரசுக் கணக்கு சொல்கிறது. அரசாங்கத்தை மட்டும் நம்பியிருந்தால் இதில் பாதி முள்காடாகத்தான் நிற்கும். படித்த பிள்ளைகள் செல்போனை வைத்துவிட்டுச் சேற்றில் இறங்குவது நல்ல காலத்துக்கு அடையாளம். நானும் போகிறேன். இடுப்பு வலிதான் ஒத்துழைப்பதில்லை.

என் கேள்வி வேறு. ஏரி நிறைந்த பிறகு என்ன நடக்கிறது?

மதுராந்தகம் வட்டத்தில் ஒரு கிராமம். பெயர் வேண்டாம், அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான் எங்கள் பிள்ளைகளும் படிக்கிறார்கள். ஊர்ப் பையன்களும் காலனிப் பையன்களும் சேர்ந்தே இரண்டு கோடைக்காலம் அங்கே ஏரியில் வேலை செய்தார்கள். ஒரே மண்வெட்டி கைமாறியது. ஒரே குடத்துத் தண்ணீரைக் குடித்தார்கள். (சோறு மட்டும் கடைப் பொட்டலமாகவே வந்துகொண்டிருந்தது. ஏன் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.) வசூல் செய்து பழைய படித்துறையைச் சீராக்கினார்கள். கல் சுமந்ததில் காலனிப் பிள்ளைகள் பாதிக்குமேல்.

வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்தது. ஏரி நிறைந்து கலங்கல் ஓடியது. கலங்கலில் பூசை போட்டு, பூ விட்டு, பொங்கல் கொடுத்தார்கள். அழைப்பிதழில் காலனியிலிருந்து ஒரு பெயர்கூட இல்லை. அதைக்கூட விட்டுவிடலாம். அன்று சாயங்காலம் காலனிச் சிறுவர்கள் நாலைந்து பேர் அந்தப் படித்துறையில் குளிக்கப் போனார்கள். கரையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் சொன்னார்: "வழக்கமா எங்க குளிப்பீங்களோ அங்க போய்க் குளிங்கப்பா."

அடிக்கவில்லை, வையவில்லை. 'அப்பா' என்று மரியாதையாகத்தான் சொன்னார். அந்த 'வழக்கமா' என்ற சொல்லுக்குள்தான் ஆயிரம் வருசம் உட்கார்ந்திருக்கிறது.

ஆயிரம் வருசம் என்பதை அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. பக்கத்தில்தான் உத்திரமேரூர். பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகளைப் பாடப்புத்தகத்தில் எல்லோரும் படித்திருப்போம். அதில் ஏரி வாரியம் என்று ஒரு குழு உண்டு, ஆறு பேர். ஏரியைப் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு. உலகத்துக்கே சனநாயகம் சொல்லிக் கொடுத்தோம் என்று மேடையில் பேசும்போது, அந்தக் குடத்துக்குள் யார் பெயர் விழும் என்பதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். கால் வேலி வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது பிராமணர் சபை. கரையில் மண் போட்டவன் பெயருக்கு அந்தக் குடத்தில் ஓலை கிடையாது.

வேதம் போய்விட்டது, நிலம் போகவில்லை. பாசன அமைப்புகளை உழவர்களே நிர்வகிக்கட்டும் என்று 2000-ல் ஒரு சட்டம் வந்தது. நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் அதன்படிதான். ஆயக்கட்டில் நிலம் உள்ளவர்தான் அதில் உறுப்பினர், அவருக்குத்தான் ஓட்டு. 2017-ல் குடிமராமத்துத் திட்டம் மறுபடி வந்தபோதும் வேலை ஆயக்கட்டு விவசாயிகளின் சங்கங்களுக்கே போனது. பத்தில் ஒரு பங்கைப் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ அவர்கள் கொடுக்க வேண்டும் என்பது விதி. அந்த உழைப்பைக் கொடுத்தது யார் என்று கேட்டால் ஊருக்கு ஊர் சிரிப்பார்கள்.

நிலம் ஏன் இல்லை என்பதற்கும் இந்த மண்ணிலேயே பதில் இருக்கிறது. செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் பறையர்களின் நிலையைப் பற்றி 1891-ல் எழுதிய அறிக்கைக்குப் பிறகுதான், 1892-ல் பஞ்சமி நிலத்துக்கான ஆணை வந்தது. நூறு வருசத்தில் அந்த நிலம் யார் யார் கைக்கோ போய்விட்டது. காரணை பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்டுத்தான் 1994-ல் ஜான் தாமசும் ஏழுமலையும் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். அந்த நிலம் கையில் நின்றிருந்தால் இன்றைக்கு ஏரிச் சங்கத்தில் எங்களுக்கும் நாற்காலி இருந்திருக்கும்.

நீர்கட்டி என்ன செய்வார் என்பது இப்போதைய மாணவர்களுக்குத் தெரியாது. மழை பிடித்துக்கொண்டால் அவருக்கு ராத்திரித் தூக்கம் கிடையாது. அரிக்கேன் விளக்கோடு கரை முழுக்க நடப்பார். எங்கே மண் நனைந்து கசிகிறது, எங்கே நண்டு வளை போட்டிருக்கிறது, எந்த இடத்தில் கரை தொப்பை தள்ளுகிறது என்று காலாலேயே கண்டுபிடிப்பார். மதகு அடைத்துக்கொண்டால் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடியில் போவார். அப்படிப் போய்த் திரும்பாதவர்கள் உண்டு. தண்ணீர் குறையும் வருசத்தில் எந்த மடைக்கு எத்தனை நாழிகை, கடைமடைக்கு எப்போது என்று பங்கு வைப்பார். கூலி பணமில்லை. அறுவடைக் களத்தில் முறத்தில் அளந்து போடும் நெல். சில ஊரில் மானிய நிலம் கொஞ்சம். வட தமிழ்நாட்டில் பல ஊர்களில் இந்த வேலை பறையர் குடும்பங்களிடம் இருந்தது. தெற்கே கண்மாய்ப் பக்கம் போனால் நீர்ப்பாய்ச்சி என்பார்கள், அங்கே பெரும்பாலும் பள்ளர்கள்.

இதில் ஒரு வேடிக்கை. நிலம் இல்லாத மனிதர்தான் நிலம் உள்ளவர்களுக்குள் தண்ணீர்ச் சண்டை வராமல் பார்த்துக்கொண்டார். அவருக்கு வயல் இல்லை, அதனால் பட்சபாதம் பார்க்க மாட்டார் என்று ஊரே நம்பியது. நம்பிக்கை அவ்வளவு. தாத்தா பங்கு வைத்த தண்ணீரில் நெல் விளைந்தது. ஆனால் அந்த வயல்காரர் வீட்டுக் கிணற்றடிக்கு அவர் போனதில்லை.

பிறகு ஆழ்துளைக் கிணறு வந்தது. மோட்டார் உள்ளவருக்கு ஏரியும் தேவையில்லை, நீர்கட்டியும் தேவையில்லை. நெல் அளப்பது நின்றது. ஏரி தூர்ந்தது. முப்பது நாற்பது வருசம் கழித்து நிலத்தடி நீர் வற்றியதும் மறுபடி ஏரி ஞாபகம் வந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் இடைப்பட்ட காலத்திலும் ஏரியில் வேலை முழுசாக நின்றுவிடவில்லை. நூறு நாள் வேலையில் வெயிலில் உட்கார்ந்து வரத்துக்கால் தூர்வாரியது எங்கள் அக்காமார்களும் அத்தைமார்களும்தான். அதைக் 'சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறார்கள்' என்று டீக்கடையில் பேசியவர்கள்தான், அதே வேலையை ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் செய்துவிட்டுப் படம் எடுத்துப் போடுகிறார்கள். எடுத்துப் போடட்டும். அக்காமார்களையும் படத்தில் சேர்த்துக்கொள்ளட்டும் என்கிறேன்.

தன்னார்வம் என்ற சொல்லும் எங்களுக்குக் கொஞ்சம் உறுத்தும். 1858-ல் ஆங்கிலேயர்கள் சென்னை மாகாணத்துக்கு ஒரு சட்டம் போட்டார்கள். கரை உடையும் ஆபத்து வந்தால் சுற்றுவட்டாரத்தில் உள்ள உழைக்கும் வகுப்பு ஆண்களைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்கலாம் என்றது அது. உழைக்கும் வகுப்பு என்றால் யார் என்று விளக்க வேண்டுமா? கரை உடைந்தால் தண்ணீர் முதலில் பாய்கிற பள்ளத்திலும் பல ஊர்களில் நாங்கள்தான் இருந்தோம். ஒருவர் தானாக வந்து ஒரு வேலையைச் செய்தார் என்றால், வராமல் இருக்கவும் அவருக்கு உரிமை இருந்தது என்று அர்த்தம். எங்கள் தாத்தாமாருக்கு அது இருந்ததில்லை.

சரி, அனுபவிப்பதற்கு வருவோம். பத்திர எழுத்தர்களிடம் கேட்டால் 'அனுபவ பாத்தியதை' என்று ஒரு சொல் சொல்வார்கள். ஓர் இடத்தைப் பயன்படுத்தி வாழ்கிற உரிமை. ஏரிக்கும் அது உண்டு. குளிப்பது, துணி துவைப்பது, மாடு குளிப்பாட்டுவது, வண்டல் அள்ளுவது, விறகு பொறுக்குவது, மீன் பிடிப்பது, சாயங்காலம் கரையில் காற்று வாங்க உட்காருவது. கடைசியில் சொன்னது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் ஒரு பெண் வேலை முடிந்து கரையில் பத்து நிமிடம் கால் நீட்டி உட்கார்ந்து தண்ணீரைப் பார்க்க முடிகிறதா என்பதை வைத்தே அந்த ஊரைச் சொல்லிவிடலாம்.

மீன்பாசி ஏலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பணம் கட்ட ஆள் இருந்தாலும் காலனிக்காரர் ஏலத்தில் கை தூக்கினால் ஊர் முறைத்துப் பார்க்கும் இடங்கள் உண்டு. தேதியே சொல்லாமல் ஏலத்தை முடித்துவிடுவதும் நடக்கிறது. மேலூர், சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் கோடையில் கண்மாயில் மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊத்தாவும் கச்சாவும் வலையுமாகச் சுற்றுவட்டாரமே சேற்றில் இறங்கும். வீட்டுக்கு வீடு மீன் குழம்பு. அந்த ஒரு நாள் சேறு எல்லோர் மேலும் ஒரே நிறம். அதைப் பார்க்கும்போதெல்லாம் மற்ற நாட்களை நினைத்துக்கொள்வேன்.

அப்புறம் ஆக்கிரமிப்பு. ஏரியை மீட்போம் என்ற குரல் எழுந்தவுடன் இயந்திரம் முதலில் போய் நிற்பது புறம்போக்கில் இருக்கும் குடிசை முன்னால். ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ல் தனிச் சட்டமே இருக்கிறது. வேண்டியதுதான். ஆனால் ஊர் நத்தத்தில் இடம் கொடுக்காததால்தானே எங்கள் ஆட்கள் நீர்க்கரைக்குப் போனார்கள்? சென்னையில் மாம்பலம் ஏரி தியாகராய நகரானது. நுங்கம்பாக்கம் ஏரியில் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. மதுரை உயர் நீதிமன்றக் கிளை நிற்கும் உலகனேரி, பெயரிலேயே ஏரி. தன்னார்வ நண்பர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். குடிசையைக் காட்டிக் கொடுக்கும் முன், அந்தக் குடும்பத்துக்கு அதே ஊரில் மனைப்பட்டா கேட்டுத் தாலுகா ஆபீசுக்கு ஒரு நடை நடந்து பாருங்கள்.

சட்டத்தில் குறையில்லை. சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் 1924-லேயே பொதுச்சாலை, கிணறு, குளம் எல்லோருக்கும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். 1927 மார்ச் 20-ல் மகத் ஊரின் சவுதார் குளத்தில் அம்பேத்கர் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார். அந்தக் குளத்தை நகராட்சி ஏற்கெனவே எல்லோருக்கும் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டிருந்தது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். காகிதத்தில் திறந்த குளத்துக்குள் காலால் நடந்து போக வேண்டியிருந்தது. அரசமைப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு குளத்தையும் படித்துறையையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் செய்த திருத்தத்தின்படி, குளத்தையோ படித்துறையையோ அதற்குப் போகும் பாதையையோ பயன்படுத்த விடாமல் தடுப்பது தண்டனைக்குரிய குற்றம். 'வழக்கமா' என்று சொன்ன அந்தப் பெரியவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. பனியன் போட்ட பட்டதாரிகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

குழு நடத்தும் தம்பி தங்கைகளிடம் கேட்கிறேன். உங்கள் நிர்வாகக் குழுவில் நிலமில்லாதவர் எத்தனை பேர்? காலனிப் பக்கத்துக் கரைக்கு ஏன் படி கட்டவில்லை? மீன்பாசி ஏலத் தேதியைக் காலனியிலும் தண்டோரா போடச் சொல்லி கிராம சபையில் கேட்டீர்களா? உங்கள் ஊரில் கடைசி நீர்கட்டி யார், உயிரோடு இருக்கிறாரா, அவரோடு ஒருநாள் கரையில் நடந்தீர்களா? பொறியாளர் வரைபடத்தில் இல்லாத வரத்துக்கால் அவர் நினைவில் இருக்கும்.

படித்துறைக் கதையின் மிச்சத்தைச் சொல்லிவிடுகிறேன். அன்று ராத்திரி ஊர்ப் பையன் ஒருவன் காலனிக்கு வந்து, தன் சேக்காளியிடம், "பெரியப்பா அப்படிப் பேசினது தப்புடா, மன்னிச்சுக்கோ" என்றிருக்கிறான். இவன், "மன்னிப்பெல்லாம் இருக்கட்டும், ஞாயித்துக்கெழமை வேலை முடிஞ்சதும் எல்லாருமா அங்கதான் குளிக்கிறோம், நீ வரியா?" என்று கேட்டான். குழுவிலும் அதையே பேசினார்கள். ஒரு மணி நேரம் வாக்குவாதம். இரண்டு பேர் குழுவைவிட்டே போய்விட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கமாக வருகிறவர்களில் பாதிப்பேர் வரவில்லை. வந்தவர்கள் மதகுப் பக்கம் செடி வெட்டினார்கள். வெயில் ஏறியதும் மண்வெட்டிகளைக் கரையில் போட்டுவிட்டு, ஊர், காலனி என்று பார்க்காமல் அந்தப் படியில் இறங்கினார்கள். பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். வரும் வாரம் கலங்கல் பக்கம் வேலை இருக்கிறது.