முதல் பட்டதாரியின் தங்கை

முதல் பட்டதாரி சலுகை 2010-இல் வந்தது. நல்ல திட்டம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு வீட்டுக்கு ஒருத்தர்தான். வருமான வரம்பும் கிடையாது. அதனால் வசதியான வீட்டின் மூத்த பிள்ளைக்குக் கட்டணத்தில் கழிவு. ஓசூர் சிப்காட் ஒப்பந்தத் தொழிலாளியின் இரண்டாவது மகளுக்குக் கைவிரிப்பு. அண்ணன் இன்ஜினியரிங் சேர்ந்துவிட்டானாம், வறுமை தீர்ந்துவிட்டதாம்! அவனுக்கு இன்னும் வேலையே கிடைக்கவில்லை சார்.

அரசுப் பள்ளியில் படித்திருந்தால் ‘புதுமைப் பெண்’ மாதம் 1000 ரூபாய் தரும். அதுவும் கல்லூரியில் சேர்ந்த பிறகு. சேர்வதற்கே பணம் இல்லாதவளை வாசலில் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொள்கிறது. பிளஸ் டூ போதும், நாளைக்கே சம்பளம்.

நான் கேட்பது ஒன்றுதான்: சலுகை தருமுன் வீட்டு வருமானத்தைப் பாருங்கள். எத்தனையாவதாகப் பிறந்தாள் என்று பார்க்காதீர்கள்.