நடைபாதையைக் கூட்டுற காசு யாருடையது?

நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயரில் நடைபாதையைக் கூட்டுவதும் குப்பை அள்ளுவதும் மாநகராட்சியின் வேலை மட்டும்தான்னு நினைக்கிறீங்களா? இல்லை. 1992 முதல் அந்தப் பகுதிக் கட்டட உரிமையாளர்கள் கட்டும் தனிக் கட்டணமும் இதற்குச் செலவாகிறது.

இந்த ஏற்பாட்டின் பெயர் 'பிசினஸ் இம்ப்ரூவ்மென்ட் டிஸ்ட்ரிக்ட்', சுருக்கமாக 'பிட்'. நியூயார்க்கில் 70-க்கும் மேற்பட்ட 'பிட்'கள் இருக்கின்றன. எல்லைக்குள் இருக்கும் வணிகக் கட்டடங்களுக்குச் சொத்து வரி போக இன்னொரு தொகை. விருப்பப்பட்டால் கட்டலாம் என்ற பேச்சே இல்லை; கட்டாயம். மாநகராட்சி அதை வசூலித்து, அந்தப் பகுதியின் அமைப்பிடமே கொடுத்துவிடும். பணம் வேறு ஏரியாவுக்குப் போகாது.

நல்ல யோசனைதான். ஆனா ஒரு சிக்கல். உரிமையாளர் பல நேரம் இந்தக் கட்டணத்தை வாடகை ஒப்பந்தம் வழியாகக் கடைக்காரர் தலையில் இறக்கிவிடுகிறார். நிர்வாகக் குழுவில் வாடகைதாரருக்கும் இடம் உண்டு என்றாலும், சட்டப்படி பெரும்பான்மை உரிமையாளர்களுக்கே. ஆக, காசு காபிக்கடைக்காரருடையது. அதில் பூந்தொட்டி வைப்பதா, பெஞ்ச் போடுவதா என்ற முடிவு கட்டடக்காரருடையது.

இந்த முறை உலகிலேயே முதலில் வந்தது கனடாவில்: 1970-ல், டொராண்டோவின் ப்ளூர் வெஸ்ட் வில்லேஜில். அங்கே கடையை வாடகைக்கு எடுத்தவரும் உறுப்பினர். அவருக்கும் ஓட்டு உண்டு.

நியூயார்க் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இதுதான். தெரு பளிச்சுனு இருந்தால் மட்டும் போதாது. 'எங்க காசு எங்கே போச்சு?'ன்னு கேட்கிற பலம், அதைக் கடைசியில் கட்டுபவருக்கும் வேணும்.