வாயில்லாப் பிராணிக்கு இரத்தமே வாய்

குதிரைப் பந்தயம் வேண்டுமா, வேண்டாமா என்னும் வழக்கை இப்பகுதியில் தீர்க்கப் புகவில்லை. அஃது ஒவ்வொருவரும் தத்தம் மனச்சாட்சியைக் கேட்டுத் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம். ஆயினும், பந்தயத்தில் ஒரு காசேனும் கட்டியறியாதவர்களும் அறிந்துகொள்ளத்தக்க ஆராய்ச்சி ஒன்று அத்துறையில் நடந்து வருகிறது. அதனையே இம்மாதம் நேயர்கள் முன் வைக்கிறோம்.

2006ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் புகழ்பெற்ற கென்டக்கி டெர்பி பந்தயத்தில் பார்பாரோ என்னும் குதிரை மற்றவற்றை வெகு தூரம் பின்தள்ளி வென்றது. இரண்டு வாரங்கள் கழித்துப் பால்டிமோர் நகரில் நடந்த அடுத்த பந்தயத்தில், ஓடத் தொடங்கிய சிறிது நேரத்திற்குள் அதன் வலப் பின்னங்கால் முறிந்தது. கைதேர்ந்த மருத்துவர்கள் உலோகத் தகடும் திருகாணிகளும் வைத்து எலும்பைப் பொருத்தினார்கள். எட்டு மாதங்கள் போராடியும் பயனில்லை. 2007 ஜனவரி 29ஆம் தேதி, வேதனையிலிருந்து விடுவிப்பதற்காக அதன் உயிரை மருத்துவர்களே போக்க வேண்டியதாயிற்று.

கால் முறிந்தால் கட்டுப் போட்டு ஆற்றக் கூடாதா என்று கேட்கலாம். சுமார் 500 கிலோ எடையுள்ள குதிரையை மாதக்கணக்கில் படுக்க வைத்தல் இயலாது. நின்றாலோ, முறிந்த காலின் பாரமும் மற்றைக் கால்களின்மேல் விழுகிறது. அப்பாரத்தால் நல்ல காலின் குளம்பினுள் இருக்கும் மெல்லிய திசுக்கள் நைந்து, குளம்பு எலும்பினின்றும் பிரியத் தொடங்கும். பார்பாரோவுக்கு நேர்ந்ததும் இதுவே. ஆகவே, முறிந்த பின் காப்பதைவிட முறியுமுன் அறிவதே வழி.

அறிய முடியுமா? முடியும் என்று நம்புவதற்குக் காரணம் உண்டு. பந்தயத்தில் ஏற்படும் முறிவுகள் பெரும்பாலும் திடீரென விளைபவை அல்ல. கலிபோர்னியா மாநிலத்தில் 1990 முதல், பந்தயத் திடல்களில் இறக்கும் குதிரைகளின் உடல்களை அறுத்துச் சோதித்து வருகிறார்கள். அவற்றுள் மிகப் பலவற்றின் எலும்பில், முறிந்த இடத்திலேயே பழைய சிறு சேதங்கள் காணப்பட்டன.

எலும்பு உயிருள்ள பொருள். ஓட்டத்தின் அதிர்ச்சியால் நுண்ணிய விரிசல்கள் தோன்றும்போது, உடல் முதலில் பழுதுபட்ட பகுதியை அரித்தெடுத்துவிட்டுப் பின்னரே புதிய எலும்பை நிரப்புகிறது. பழைய சுவரை இடித்துப் புதுச் சுவர் எழுப்புவதற்கு இடைப்பட்ட காலத்தில் வீடு பலவீனமாக இருப்பதைப்போல, அந்த இடைக்காலத்தில் எலும்பும் பலவீனமாக இருக்கிறது. அவ்வேளையில் குதிரையை விரட்டினால் ஆபத்து. விரிசல் நுண்ணியதாக இருக்குங்கால் குதிரை நொண்டுவதுமில்லை. சாதாரண எக்ஸ்ரே படத்தில் அது தெரிவதுமில்லை.

இங்கேதான் இரத்தம் துணைக்கு வருகிறது. உடலில் எங்கே பழுது நேர்ந்தாலும், எந்தப் புரதத்தைச் செய்ய வேண்டுமென்று உயிரணுக்களுக்குள் கட்டளை பிறக்கிறது. அக்கட்டளையைச் சுமந்து செல்லும் கடிதமே தூது ஆர்.என்.ஏ. கொரோனா தடுப்பூசிகளின் வாயிலாக இப்பெயர் நமக்குப் பழகியதே. கென்டக்கிப் பல்கலைக் கழகத்தின் குதிரை ஆராய்ச்சி நிலையத்தார், கடுங்காயமுற்ற பந்தயக் குதிரைகளின் இரத்தத்தையும் காயமுறாதவற்றின் இரத்தத்தையும் ஒப்பிட்டு, இக்கடிதங்களின் அளவைக் கணக்கிட்டார்கள். அழற்சியோடும் எலும்பின் பழுதுபார்ப்போடும் தொடர்புடைய மூன்று கட்டளைகளின் அளவு இரு சாராரிடையேயும் வேறுபட்டிருப்பதை 2021இல் வெளியிட்டனர். வாயில்லாப் பிராணி சொல்ல முடியாததை அதன் இரத்தம் சொல்லக்கூடும் என்பது இதனால் தெரிகிறது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. அமெரிக்கத் திடல்களில் 2009ஆம் ஆண்டில் ஆயிரம் ஓட்டங்களுக்கு இரண்டாக இருந்த உயிரிழப்பு, 2023இல் 1.32ஆகக் குறைந்திருந்தது. ஆயிரம் குதிரைகள் ஓடினால் ஒன்றோ இரண்டோதான் மாளும். இனி மனக்கணக்கு ஒன்று போடுவோம். நூறு நல்ல குதிரைகளைச் சோதித்தால் பத்தை மட்டுமே தவறாகச் சந்தேகிக்கும் சோதனை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆயிரத்தில் ஏறக்குறைய நூறு நல்ல குதிரைகள் அந்த ஒன்றோடு சேர்ந்து சந்தேகப் பட்டியலில் ஏறும். ஆகையால் இரத்தச் சோதனை தீர்ப்பாகாது. எந்தக் குதிரையை இன்னும் கூர்ந்து நோக்க வேண்டும் என்று சுட்டும் விரல் அது. சுட்டிய பின் நுண்ணிய படம் எடுத்து உறுதி செய்யலாம். குதிரை நின்றபடியே காலைப் படமெடுக்கும் பெட் ஸ்கேன் கருவி 2019ஆம் ஆண்டின் இறுதியில் கலிபோர்னியாவின் சான்டா அனிடா திடலில் நிறுவப்பட்டது. அவ்வாண்டின் முற்பகுதியில் அங்கே குதிரைகள் அடுத்தடுத்து மாண்டு நாடெங்கும் கண்டனம் எழுந்திருந்தது.

கருவிகள் வந்துவிட்டன; இனி வேண்டுவது மனிதரின் மனம். சந்தேகம் என்று தாள் சொன்ன பிறகும், பரிசுத் தொகையை எண்ணிக் குதிரையை ஓடவிட்டால் சோதனையால் விளையும் பயன் யாது? மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் குதிரை விழும்போது, அதன்மேல் இருக்கும் ஜாக்கியும் விழுகிறான். அவனுக்கும் காத்திருக்கும் மனைவி மக்கள் உண்டு. சில வார ஓய்வால் உரிமையாளருக்கு நேரும் நஷ்டம், அவ்விரு உயிர்களுக்கு ஈடாகாது.

இது குதிரை லாயத்தோடு முடியும் பாடமன்று. சொந்த ஊரை விட்டு வந்து பிள்ளைகளின் இல்லத்தில் வாழும் பெரியோர் பலர், செலவுக்கு அஞ்சியோ, பிறருக்குத் தொல்லையாகும் என்றெண்ணியோ, வலியை வாய்விட்டுச் சொல்வதில்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்த இரத்தப் பரிசோதனைச் சீட்டும் அலமாரியில் உறங்குகிறது. சோதனையைக் காலத்தில் செய்வித்து, அது சொல்வதைக் கேட்டு நடப்பது நம் கடமை. வாயிருந்தும் சொல்லாதவர்களின் பொருட்டு, நாமே முந்திக் கேட்போமாக.