தேய்ஞ்சது அரை மில்லி

என் பழைய ஸ்கூட்டரின் கிக்கர் ஷாஃப்டில் பல் தேய்ந்து, உதைத்தால் கால் மட்டும் கீழே போனது. சேலத்தில் ஒரு கடையில், 'செட்டாத்தான் மாத்தணும்' என்று ஒரு தொகை சொன்னார்கள். மயக்கம் தெளிந்ததும் ஷாஃப்டைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு நாமக்கல் பஸ் ஏறினேன். அங்கே ஒரு லேத் பட்டறை அண்ணன் பழக்கம். ராணுவத்தில் இ.எம்.இ. பிரிவில் இருந்தவர். டாங்கி முதல் ரேடியோ வரை ரிப்பேர் பார்க்கவென்றே 1943-ல் பிறந்த பிரிவு அது.

"அங்கயும் இதே கதைதானுங்க தம்பி. நூறு கிலோ சாமான், தேய்ஞ்சது அரை மில்லி. மொத்தமா கண்டம் பண்ணிருவோம்."

கண்டம் பண்ணினால் புதுசு வேண்டுமே? டி-72 டாங்கியை ஆவடியிலேயே செய்தாலும் டிசைன் சோவியத்துடையது. 1991-ல் சோவியத் உடைந்ததும், உதிரிபாகத்துக்கு எந்த நாட்டுக் கதவைத் தட்டுவது என்றே குழப்பம்.

"வெல்டிங் வச்சுக் கடைஞ்சா?"

"சூடு பட்டா வளையுமுங்க. உங்க ஷாஃப்ட் வளைஞ்சா உங்க காலோட போச்சு. ஹெலிகாப்டர் சாமான் வளைஞ்சா?"

இதற்கு ஒரு வழியையும் சோவியத்காரர்களே 1980-களில் நோவோசிபிர்ஸ்க்கில் கண்டுபிடித்தார்கள். பெயர் கோல்ட் ஸ்ப்ரே. உலோகப் பொடியை உருக்காமல், நைட்ரஜன் அல்லது ஹீலியம் வாயுவோடு நொடிக்கு 500 முதல் 1000 மீட்டர் வேகத்தில் அடிக்கிறார்கள். மோதுகிற வேகத்திலேயே பொடி நசுங்கி, சுவரில் அடித்த வரட்டி மாதிரி அப்பிக்கொள்ளும். பிறகு அளவுக்குக் கடைந்தால் போதும். அமெரிக்க ராணுவ ஆராய்ச்சிக்கூடம், ஹெலிகாப்டர் கியர்பாக்ஸின் மெக்னீசியம் கூடு அரித்த இடத்தில் இப்படி அலுமினியம் அடித்து, தூக்கிப் போடவேண்டியதை மீட்டது. (மெக்னீசியம் எடுக்கிற மேக்னசைட் நம்ம சேலம் வெள்ளைக் கரட்டில்தான் இருக்கிறது. நாம் அதை உலைச் செங்கல்லுக்கு அனுப்பியே பழகிவிட்டோம்!)

மெஷின் விலை அதிகம். அதிக பாரம் தாங்கும் பாகங்களுக்கு எல்லாம் இதை நம்பிவிட முடியாது. ஒவ்வொன்றையும் சோதித்துச் சான்று வாங்கவேண்டும்.

2018 பட்ஜெட்டில் அறிவித்து, 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கிய தமிழ்நாடு ராணுவத் தொழில் வழித்தடத்தில் ஐந்து ஊர்கள். சேலமும் ஒன்று. எல்லோரும் புதுசு செய்வதைப் பற்றியே பேசுகிறார்கள். லாரிக்கு பாடி கட்டும் நாமக்கல்லையும், ரிக் வண்டி கட்டும் திருச்செங்கோட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ரிப்பேருக்கு ஒரு மூலையாவது ஒதுக்கலாம் என்பது என் கட்சி.

அண்ணனிடம் சொன்னேன். சிரித்தபடி ஷாஃப்டைக் கையில் கொடுத்தார். இன்னும் சூடாக இருந்தது.

"எவ்வளவுங்கண்ணா?"

"வண்டியில மாட்டி உதைச்சுப் பாருங்க தம்பி. ஸ்டார்ட் ஆச்சுன்னா அடுத்த தடவை வர்றப்ப குடுங்க."